கேப்டன் டன்மோர் கீழ்த்தளத்துக்கு இறங்கிய பக்கம்

லுப்ளின், 8 மார்ச் 1992

அன்புள்ள அண்ணன் ஜெனோனுக்கு,

நானும் மகள் டோராவும் சௌக்கியம். உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? பிடுங்கித் தொலை என்று எட்டு வருஷமாகச் சொல்கிறேன். ஸ்வீடனில் பல் பிடுங்கவும் விண்ணப்பம் போட வேண்டுமோ என்னவோ. இன்று மகளிர் தினம். பேருந்து அட்டவணைப் பிரிவில் நாங்கள் ஏழு பெண்கள், பூ ஆறுதான் வந்தது. எனக்கு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மதியம் வரை யாரோடும் பேசாமல் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நம் ‘லாந்தர் கப்பல்’ நாவல் அச்சில் வந்துவிட்டது. உரிமை வாங்கி, பளபள அட்டை போட்டு, ரயில் நிலையக் கடையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். நீ அதை ரகசியமாக இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்து, ஆறு கார்பன் தாள் செருகி டைப்ரைட்டரில் தட்டி, ஆறாவது பிரதியைப் படிக்க நாங்கள் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடியதெல்லாம் ஞாபகம் வந்து கடையிலேயே கண் கலங்கிவிட்டது. கடைக்காரன் வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டான்.

மொழிபெயர்த்தவள் ராடோம் ஊர்ப் பெண். கலினா சோபோல் என்று பெயர், இருபத்துநாலு வயதாம். முதல் இரண்டு பாகமும் படித்தேன். மோசமில்லை, கொஞ்சம் வறட்சி. உன் கேப்டன் டன்மோர் பேசினால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும். இவளுடைய டன்மோர் உத்தரவு போடுகிறார், அவ்வளவுதான். இன்னொரு கூத்து, மொத்தம் ஆறு பாகம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நீ ஏழு பாகம் தந்திருக்கிறாய். எண்ணத் தெரியாதவர்கள் எல்லாம் பதிப்பகம் வைத்தாயிற்று.

அங்கே அதைத் தொலைக்காட்சித் தொடராகவே காட்டுகிறார்களாமே, பொம்மை, சட்டை எல்லாம் விற்கிறதாமே. பார்க்கிறாயா? எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. டோராவின் ஞானத்தந்தை நீ, அவளுக்காவது ஒரு பொம்மை அனுப்பு.

அன்புடன் உன் தங்கை,
பொக்னா


மால்மோ, 29 மார்ச் 1992

அன்புள்ள பொக்னா,

உன் கடிதம் கிடைத்தது. பல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை அதிகம். காய்ச்சல் பருவம் என்பதால் படுக்கை விரிப்பாக வந்து குவிகிறது. மற்றபடி நலம்.

புத்தகம் அச்சில் வந்தது நல்ல செய்திதான். முதல் இரண்டு பாகத்தோடு நிறுத்திவிடுவார்களா, மூன்றாவதும் வருகிறதா? சும்மா கேட்டேன். தொடர் எதுவும் நான் பார்ப்பதில்லை, என் தொலைக்காட்சிப் பெட்டி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. நமக்கும் வயது ஏறிவிட்டது பொக்னா. பழையது பழையதாகவே இருக்கட்டும், புதுப் பதிப்பையெல்லாம் வாங்கிப் பணத்தை ஏன் வீணாக்குகிறாய்?

காபிப் பொட்டலம் இரண்டும் டோராவுக்கு மழைக்கோட்டும் அனுப்பியிருக்கிறேன். கப்பல் பொம்மை கடையில் தீர்ந்துவிட்டதாம்.

நலம் நாடும்,
ஜெனோன்


லுப்ளின், 2 ஜூன் 1992

அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், அதற்குமேல் குசலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மூன்றாம் பாகம் வந்துவிட்டது.

கீழ்த்தளக் கலவரம் வரும் அத்தியாயம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் என் நெஞ்சு ஆறும். உலை வேலைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு, மேல்தளத்துக்கு இருக்கிற அளவு காற்று எங்களுக்கும் வேண்டும் என்று கதவை அடைத்துக்கொள்கிறார்கள். நம் டன்மோர் என்ன செய்கிறார்? துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக ஏணியில் இறங்குகிறார். தொப்பியை எடுக்கிறார். சுடுகிற தரையில் உட்கார்ந்து “யார் முதலில் பேசுகிறீர்கள்?” என்று கேட்கிறார். உலைக்காரி டோரா எழுந்து பேசுகிறாள், விடியும் வரை பேசுகிறாள். ராணுவ ஆட்சி நடந்த எண்பத்திரண்டில் இந்த ஒரு வரியை ஊர்ச் சுவரெல்லாம் எழுதினார்கள். இன்றுவரை நம் வாசகர் மன்றத்தில் கூட்டம் தொடங்குவதே அந்த வரியைச் சொல்லித்தான். என் மகளுக்குப் பெயர் வைத்தபோது பாதிரியார் எந்தப் புனிதையின் பெயர் என்று கேட்க, நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு “டொரோத்தா” என்று சொன்னாயே.

இந்த ராடோம்காரி என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? டன்மோர் இறங்கவே இல்லை. மேலே நின்றபடி காற்றுக் குழாயைத் தன் கையாலேயே மூடுகிறார். மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறார். மறுநாள் நாற்பத்தொரு பேருடைய பெயர்களை வரிசையாகப் படிக்கிறார்கள், அதில் பத்தொன்பதாவது பெயர் டோரா. அவளுக்கு அந்தப் புத்தகத்தில் அந்த ஒரு சொல்தான். கடைசி வரி: “கப்பல் சுத்தமாயிற்று.”

நான் மூன்று நாள் சாப்பிடவில்லை என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இப்படிப் புத்தகத்தை வெட்டிக் கொன்று தன் சரக்கைச் செருக ஒருத்திக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்! நம் மன்றப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதப்போகிறேன். மன்றத் தலைவி என்று என்னைப் பிறகு எதற்கு வைத்திருக்கிறார்கள்? நீதான் முதல் மொழிபெயர்ப்பாளன். உன்னிடமிருந்து நாலு வரி வேண்டும். மூலத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று எழுது, போதும். உன்னிடம் இருந்த இங்கிலீஷ் புத்தகம் பத்திரமாக இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு.

உடனே எழுது.
பொக்னா


லுப்ளின், 20 ஜூலை 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உன் பெயர்ப் புனிதரின் திருநாளுக்கு வாழ்த்து அட்டை போட்டேன், அதற்கும் பதில் இல்லை. உன்னிடமிருந்து காபியும் சாக்லேட்டும் வந்தன, உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சுங்கக்காரன் எடுத்துக்கொண்டானா என்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

பகிரங்கக் கடிதம் வெளிவந்துவிட்டது. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தப் பெண் பதில் எழுதியிருந்தாள், மூலத்தில் உள்ளபடிதான் செய்தேன் என்று. நாங்கள் அதைப் போடவில்லை. உன் நாலு வரி வரட்டும், சேர்த்துப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

டாக்டர் ஒல்கெர்ட் உன்னை விசாரித்தார். நம் மன்றத்தில் அவர் ஒருவருக்குத்தான் இங்கிலீஷ் வரும், மூலம் கிடைத்தால் படித்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு மூலம் எதற்கு? என் அண்ணன் சொன்னால் போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பொக்னா


மால்மோ, 4 ஆகஸ்ட் 1992

அன்புள்ள பொக்னா,

நலமாகத்தான் இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

நீ கேட்டது: ‘நான் வைத்திருந்த புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. படித்ததைப் படித்தபடியே மொழிபெயர்த்தேன். ஜெனோன் பிலார்ஸ்கி.’

அந்தப் பிரதி வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அந்தப் பெண் இளையவள் என்கிறாய். கொஞ்சம் விட்டுப்பிடி.

ஜெனோன்


லுப்ளின், 21 செப்டம்பர் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். டோரா மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள், மழைக்கோட்டு இப்போதே கை குட்டை.

உன் நாலு வரிக்கு நன்றி. நாலுகூட இல்லை, எண்ணினால் மூன்றுதான். ஆனால் வேலை முடிந்துவிட்டது. பத்திரிகையின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டோம்.

போன வாரம் எல்லா ஊர் மன்றங்களும் கூடும் ஆண்டு மாநாடு. அந்த வருஷத்தின் மோசமான மொழிபெயர்ப்புக்குக் கண்ணாடி உடைந்த லாந்தர் கொடுக்கிறோமே, அது யாருக்கு என்று சொல்லவே வேண்டாம். வழக்கமாக அதை வாங்க யாரும் வரமாட்டார்கள், தபாலில்தான் அனுப்புவோம். இவள் வந்துவிட்டாள். ஒல்லியாக, பழுப்புக் கோட்டுப் போட்டு, ராடோமிலிருந்து காலைப் பேருந்தில். கையில் அந்த இங்கிலீஷ் புத்தகம்.

கூட்டம் வழக்கம்போல் “யார் முதலில் பேசுகிறீர்கள்?” என்று தொடங்கியது. லாந்தரை நான்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “ஒரு பக்கம் மட்டும் வாசிக்கிறேன்” என்றாள். முந்நூறு பேர் காலால் தரையைத் தட்டினார்கள். அவள் புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “கண்ணு, இங்க வாசிச்சுக் காட்டுறதுக்கு நாங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இல்ல. நாங்க இதைப் படிக்கறப்போ நீ பால்பல்லு விழுந்துட்டு இருந்த” என்றேன். நல்ல சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. உடைந்த கண்ணாடி கையைக் கிழித்துவிடாமல் அந்த லாந்தரைக் கழுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். இறங்கிப் போனபோது புத்தகத்தை எடுக்க மறந்துவிட்டாள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து எடுத்துப்போனாள்.

உன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கை தட்டினார்கள், அண்ணா. நீ இருந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
பொக்னா


ராடோம், 12 அக்டோபர் 1992

மதிப்பிற்குரிய திரு. ஜெனோன் பிலார்ஸ்கி அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். கேட்பது யார் என்று நான் சொல்லவில்லை.

பதினான்கு வயதில் உங்கள் தட்டச்சுப் பிரதிகளைப் படித்தேன். எனக்குக் கிடைத்தது ஆறாவது பிரதி. மங்கிய எழுத்துகளை என் பென்சிலால் எழுதி நிரப்பினேன். இங்கிலீஷ் கற்றுக்கொண்டதே அதனால்தான். இந்த வேலைக்கு என்னை எடுத்தபோது பதிப்பகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் வைத்திருந்தது எந்த வருஷத்துப் பதிப்பு? நான் மூன்று பதிப்புகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன், லண்டனில் ஒரு நூலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். டன்மோர் குழாயை மூடும் 212-ஆம் பக்கம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆசிரியர் முதலில் வேறுவிதமாக எழுதிப் பிறகு மாற்றியிருக்கலாம், அந்த அரிய பதிப்பு உங்கள் கையில் கிடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஏழாம் பாகமும் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகம் வந்ததாகவே எந்தப் பட்டியலிலும் இல்லை.

என்னைப் பொய்க்காரி என்கிறார்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் மீதி மூன்று பாகத்தையும் என்னிடமிருந்து எடுத்துவிடலாமா என்று பதிப்பகத்தில் பேசுகிறார்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் உடல்நலம் சிறக்க வாழ்த்தும்,
கலினா சோபோல்


லுப்ளின், 3 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று முன்தினம் அப்பா அம்மா கல்லறையில் விளக்கு வைத்தோம், உன் சார்பிலும் ஒன்று. காற்றில் அணைந்து அணைந்து போயிற்று, டோரா குந்தி உட்கார்ந்து உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

இரண்டு செய்தி. பதிப்பகம் அந்தப் பெண்ணை விலக்கிவிட்டது. மீதியை வேறு யாரோ செய்கிறார்களாம். ராடோமில் அவள் இப்போது சலவை இயந்திரத்தோடு வரும் விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னவோ சரியாக இல்லை.

இரண்டாவது செய்தி, பிப்ரவரியில் மன்றத்துக்குப் பதினைந்து வருஷம் நிறைகிறது. உன்னைச் சிறப்பு விருந்தினராக அழைக்க ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம். பயணச்செலவுக்குச் சீட்டு எழுதி வசூல் நடக்கிறது. நீ இங்கிருந்து போய் எட்டு வருஷம் ஆயிற்று, இந்தத் தடவை சாக்குச் சொல்லாதே.

நான் மூன்று கடிதம் எழுதினால் நீ ஒன்று எழுதுகிறாய். டன்மோரைப் பற்றி என்றால் முன்பெல்லாம் பன்னிரண்டு பக்கம் எழுதுவாய். உனக்கு என்னதான் ஆயிற்று?

பொக்னா


மால்மோ, 22 நவம்பர் 1992

அன்புள்ள பொக்னா,

பல்லைப் பிடுங்கிவிட்டேன். அதைச் சொல்லித் தொடங்கினால் மீதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இது ஐந்தாவது தாள்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறாள். பொய் சொன்னவன் நான்.

மூன்றாவது புத்தகம் தொலையவில்லை. அலமாரியில்தான் இருந்தது, இதோடு அனுப்புகிறேன். உனக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் 212-ஆம் பக்கத்தில் பெயர்களைப் படிக்க முடியும்.

எண்பத்திரண்டு ஜனவரி உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரடங்கு, தொலைபேசி கிடையாது. எங்கள் தொழிற்சாலைக்குள் போலீஸை விட்டு அடித்து வேலைநிறுத்தத்தை முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. என் பக்கத்து மேசைக்காரர் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தேன், அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அந்த மாதத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். என் டன்மோர் குழாயை மூடினார். மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆசிரியர் அதை வீரம் என்று எழுதியிருந்தார். நான் படித்துவிட்டு டைப்ரைட்டரை மூடி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது அவரை ஏணியில் இறக்கிவிட்டேன்.

இதுவரை சொன்னதை நல்ல மனசு என்று நீ எடுத்துக்கொள்ளலாம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரதிகள் வெளியே போன மறுவாரம் மன்றத்தில் எல்லோரும் அந்த அத்தியாயத்தைப் பற்றியே பேசினார்கள். ஒல்கெர்ட் என் கையைப் பிடித்து, “யோவ், இதை எழுதினவன் மனுஷனே இல்லய்யா, அதுக்கும் மேல” என்றார். உள்ளுக்குள் எனக்கு அப்படி இனித்தது பொக்னா. அதற்கப்புறம் விட முடியவில்லை. செத்தவர்களை எல்லாம் உயிரோடு வைத்திருந்தேனே, அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். நாலாவதிலிருந்து பாதி என்னுடையது. டோரா பேசும் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. ஏழாம் பாகம் என்று ஒரு புத்தகமே கிடையாது.

உன் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறாய் என்று சொன்ன அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் ஞானத்தந்தையாக நின்று மெழுகுவர்த்தி பிடித்தேன்.

இங்கே வந்த முதல் வருஷமே தொடரைப் பார்த்தேன். பெட்டி கெட்டுப்போகவில்லை. டன்மோர் குழாயை மூடும் படத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், சலவைக்கு வரும் துணியில் அந்தச் சட்டையும் வருகிறது.

கலினா சோபோல் எனக்கு எழுதினாள். அந்தக் கடிதத்தையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், படி. நான் பதில் போடவில்லை. என்னை அவள் எவ்வளவு நல்லவனாக நினைத்திருக்கிறாள் என்று பார்த்ததும் பேனா எடுக்கவே கூசியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்குத் தகுதி இல்லைதான். மன்றத்தில் சொல்லாதே. இங்கே நான் படுக்கை விரிப்பு மடிக்கிறவன். அந்த ஊரில் மன்றம் கூடும் ஒரு நிலவறையில் மட்டும் முப்பது பேர் என் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கிறார்கள். எனக்கு வேறொன்றும் இல்லை.

வெட்கத்துடன்,
ஜெனோன்


லுப்ளின், 17 ஜனவரி 1993

ஜெனோனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வீட்டார் பகிர்ந்துகொள்ளும் மெல்லிய அப்பத்தில் ஒரு துண்டை உறையில் வைத்து உனக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருஷம் அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல.

இரண்டு மாதம் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கமாட்டாய். முதல் மூன்று வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன், அது சௌகரியமாக இருந்தது. உன் ஏழு பாகத்தையும் பெட்டியில் போட்டுப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினேன். ஒரு வாரம் கழித்து எடுத்து வந்து படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பாவி. ஆனால் டன்மோர் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் மேசைக்கு அடியில் இருந்த நீதான் தெரிகிறாய். பன்னிரண்டு வருஷம் நான் நேசித்த ஆள் இல்லவே இல்லை. புத்தகத்தில் இருக்கிற ஆளை நேசிக்க முடியாது. மனதில் அந்த இடம் சும்மா கிடக்கிறது.

டிசம்பர் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். சொல்லாதே என்றாய், சொன்னேன். மேசைக்கு அடியில் ஒளிந்ததை மட்டும் விட்டுவிட்டேன், அது உன்னுடையது. வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். பிறகு ஒல்கெர்ட் சொன்னார்: “இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? நமக்கு நம்ம டன்மோர்தானே வேணும். அந்தப் பொண்ணு வேற வேலை பாத்துக்கிச்சு. எதுக்கும்மா கிளறுற?” கை தூக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு பேர், வெளியே சொல்ல வேண்டாம் என்று கை தூக்கினார்கள். உன்னை விருந்தினராக அழைப்பதும் அப்படியே இருக்கட்டுமாம். நீ பயந்தது வீண், அவர்கள் இன்னும் எழுந்து நிற்பார்கள். நான் தலைவி பதவியை விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் எப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்தபடி நடந்து வந்தேன். பாதி வழியில், அவர்களுக்கு அதைப் பழக்கியவளே நான்தான் என்பது உறைத்தது.

சனிக்கிழமை ராடோமுக்குப் போனேன். நாலாவது மாடி. கலினா சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். மேசையில் ஒரு குளிர்பதனப் பெட்டியின் படம் விரிந்து கிடந்தது தெரிந்தது. படிக்கட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் சங்கிலிக்கு மேலாக நீட்டினேன். படித்தாள். நீ பதில் போடாதபோதே புரிந்துவிட்டது என்றாள். அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்க அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்றாம். உன் பக்கத்தையே எடுத்து வைத்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாளாம். “எனக்கும் அவரை விட மனசில்லீங்க. ஆனா புத்தகத்துல அப்படி இல்லையே” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் உன் கடிதத்தை மடித்துச் சங்கிலிக்கு மேலாகவே திருப்பி நீட்டினாள். “மேடையில என் கையிலேர்ந்து புத்தகத்தை வாங்குனீங்க. தொறந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஏன் தொறக்கல?” என்று கேட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றேன்.

“பக்கத்துலயே டாக்டர் உக்காந்திருந்தாரே.”

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “தொறந்தா நீ சொன்னது அதுல இருந்துடுமோன்னு பயந்துட்டேம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை.

உன்னிடமும் அதையே சொல்கிறேன், ஏனென்றால் நீ உன்னை மட்டும்தான் குற்றவாளி என்று எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் உன் மூன்று வரி வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அண்ணன் உண்மை சொல்கிறபோது இத்தனை சுருக்கமாகச் சொல்லமாட்டான். தெரிந்தும் கட்டம் கட்டிப் போட்டேன். தெரிந்தும் உடைந்த லாந்தரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தேன். நீ பயத்தில் ஒரு பொய் எழுதினாய். அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். அடுத்தவர் எதிரில் நிற்க உடம்பு கூசுவது என்றால் என்னவென்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

நம் பத்திரிகையில் போட மாட்டார்கள் என்பதால் வார்சாவில் வரும் பெரிய பத்திரிகைக்கு உன் கடிதத்தை அனுப்பிவிட்டேன், கீழே என்னுடையதையும் சேர்த்து. பிப்ரவரி இதழில் வருகிறது. பதிப்பகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவர்கள் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை, வேறு ஆள் ஏற்கெனவே ஐந்தாம் பாகத்தில் இருக்கிறானாம்.

நீ வருவதானால் வா. விழாவுக்கு அல்ல. கப்பலிலிருந்து இறங்கி நேராக லுப்ளினுக்கு வண்டி ஏறாதே, முதலில் ராடோமில் இறங்கு. நாலாவது மாடி, இடது பக்கம். அவள் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல். அங்கிருந்து இங்கே வர மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது, கடைசி வண்டி எட்டு நாற்பதுக்கு.

பொக்னா